ஒரு விரல், ஒன்பது கண்ணாடி

மலேரியாக்காரர் சக்கரபாணி குத்துவது எப்போதும் இடது கை மோதிர விரலில்தான். ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்து, விரல் நுனியை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அந்தாண்ட பாரு, காக்கா" என்பார். பார்த்துத் திரும்புவதற்குள் ஊசி போய் வந்திருக்கும். துளிர்த்த ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் ஒற்றி, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் இழுத்துப் பரப்பி, காய்ந்ததும் பென்சிலால் எண் போடுவார். ஓர் ஆளுக்கு ஒரு கண்ணாடி. அரசாங்கத்து விதி அது.

சவுரியம்மாளின் விரலில் மட்டும் அந்த விதி நிற்காது. ஒற்றியதும் மறுபடி பிதுக்குவார். அடுத்த கண்ணாடி. மறுபடி பிதுக்குவார். பசுவின் காம்பைக் கறப்பது போல மெதுவாக, பேசிக்கொண்டே கறப்பார். எட்டுக் கண்ணாடி, ஒன்பது கண்ணாடி ஆன பிறகுதான் விரலை விடுவார்.

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே இருந்தது அந்தக் கல் குவாரி. பழைய பள்ளங்களில் மழைத் தண்ணீர் பச்சை பிடித்து நிற்கும். அவற்றின் கரையிலேயே முப்பது பனையோலைக் குடிசைகள். குடியிருந்தவர்கள் எல்லாரும் பனமலைச் சுற்று வட்டாரத்து ஜனங்கள். எண்பத்திரண்டில் மழை பொய்த்து மல்லாட்டைக் கடலைச் செடி பூவோடு கருகியபோது, துரைக்கண்ணு மேஸ்திரி அவர்களை ரயிலேற்றி ஒரிசாப் பக்கம் ஓர் அணைக்கட்டு வேலைக்கு அழைத்துப் போனான். இரண்டு வருஷம் காட்டுக்குள் மண் சுமந்தார்கள். திரும்பி வரும்போது ஆளுக்கொரு தகரப் பெட்டியும், பெட்டியில் அடங்காத ஒரு காய்ச்சலும் கூட வந்தன. ஊரில் ஏரி நிரம்பியிருந்தது. ஆனால் குத்தகை நிலத்தில் வேறு ஆட்கள் ஏர் பூட்டியிருந்தார்கள். அதே மேஸ்திரி குவாரியைக் காட்டினான்.

சவுரியம்மாளின் புருஷன் தொம்மை வெடிக்குக் குழி போடுகிறவன். அவர்களுக்கு ஞானமேரி என்று ஐந்து வயதில் ஒரு பெண். முப்பது குடிசையிலும் எழுதப் படிக்கத் தெரிந்தவள் சவுரியம்மாள் ஒருத்திதான். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை சக்கரபாணியின் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதும் குவாரி காலியாகிவிடும். அணைக்கட்டில் இருந்தபோது யாரோ கிளப்பிவிட்ட பேச்சு, கூலிக்காரன் ரத்தத்தை எடுத்துப் பட்டணத்தில் விற்கிறார்கள் என்று. அதை இவர்கள் ஆயிரம் மைல் சுமந்து வந்திருந்தார்கள். கிழவர்கள் கூடப் பாறை மேல் ஏறி மறைந்துகொள்வார்கள். மறைந்த இடத்திலிருந்து வாய் மட்டும் கேட்கும்.

"எங்க ரத்தத்துல கூழுதான் சார் ஓடுது! விக்கிற விலைக்குப் போவாது!" இது பக்கத்துக் குடிசைப் பாஞ்சாலி.

சக்கரபாணி சிரிப்பார். கெட்ட மனுஷர் மாதிரி இருக்க மாட்டார். குழந்தைகளுக்கு மிட்டாய் வைத்திருப்பார். "ஓடுங்க, ஓடுங்க. பாறை பாறையா ஏறிப் புடிக்க எனக்கு மூட்டு கீதா? சவுரி, நீ ஒருத்திதாம்மா இங்க விவரமானவ. விரலக் குடு. மத்த ஆளுங்க பேரை மட்டும் சொல்லு, எழுதிக்கிறேன்."

அவர் எழுதுவது கோழி கிளறியது போல இருக்கும். இரண்டாம் தடவை சவுரியம்மாளே பாரத்தை வாங்கி எழுதிக் கொடுத்தாள். பெயர், வயது, குடும்பத் தலைவர் பெயர். மூன்று வருஷமாக மண்சட்டி பிடித்த கை பேனா பிடித்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷம். அதை அவள் பிற்பாடு ஒருபோதும் மறைத்ததில்லை.

"ஏன் சார், எங்க பக்கத்துக்கு மேல இன்னாமோ இங்கிலீஸ்ல போட்டிருக்கீங்களே?"

"ஃப்ளோட்டிங் பாப்புலேசன். மிதக்குற ஜனம்னு அர்த்தம். இன்னிக்கி இங்க, நாளைக்கி எங்கியோ. எந்தப் பஞ்சாயத்துலயும் சேர்த்தி இல்ல."

"பொணந்தான் சார் மிதக்கும்," என்றது பாறைக்குப் பின்னால் இருந்து பாஞ்சாலியின் குரல்.

"எல்லார் பேருலயும் என் ரத்தத்தையே வெச்சா சரியா வருமா சார்?" என்று சவுரியம்மாள் ஒருமுறை கேட்டாள்.

"உன் ரத்தம் கங்கை ஜலம் மாதிரிம்மா. ஒரு பூச்சி இல்ல. பூச்சி இருந்தா நான் அஞ்சு நாளு மாத்திரையத் தூக்கிக்கினு வந்து வாயில போட்டு, முழுங்குறதப் பார்த்துட்டுப் போவணும். பேஜாரு புடிச்ச வேலை. மாசத்துக்கு இத்தினி கண்ணாடின்னு மேல கேக்குறான், நான் குடுக்குறேன். ஆருக்கு இன்னா நஷ்டம்?"

அவள் சிரித்தாள். சிரித்ததும் அவளுக்கு நினைவில் இருக்கிறது.

அந்த வருஷம் ஐப்பசியில் தொம்மைக்குக் குளிர் கண்டது. அணைக்கட்டில் வந்து வந்து போன காய்ச்சல்தான் என்று முதல் நாள் வேலைக்குப் போனான். இரண்டாம் நாள் குவாரியின் அந்தக் கோடியில், கம்ப்ரசர் நிழலில் சுருண்டு கிடந்தான். அன்றைக்குத்தான் சக்கரபாணி வருகிற நாள். சவுரியம்மாள் ஓடிப் போய் அவரிடம் சொன்னாள்.

"அவருக்கு ரெண்டு நாளா ஜுரம் சார். அவரைக் குத்துங்க. அந்தாண்டதான் படுத்திருக்காரு."

சக்கரபாணி நிமிர்ந்து பார்த்தார். இடையில் அரை மைல் உடைந்த கல். மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

"அவ்ளோ தூரம் ஆரும்மா போறது? ஜல்தி போயி சேரணும் நானு. உன் விரலக் குடு. புருசன் பொண்டாட்டி, ஒரே வீட்டுச் சோறு, ஒரே ரத்தந்தானே?"

"மாத்திரையாவது குடுத்துட்டுப் போங்க சார்."

"இன்னிக்கிக் கொண்டாரல. ரிசல்ட்டு வரட்டும்."

அவள் விரலை நீட்டினாள். பாரத்தில் தன் கையால் எழுதினாள்: தொம்மை, 34.

நான்காம் நாள் தொம்மைக்குக் கண் மஞ்சளாகி, பேச்சு குழறியது. திண்டிவனத்துக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோய் ஒரு டாக்டரிடம் காட்டினாள். "ரத்தம் எடுத்தாங்களா?" என்றார் அவர். எடுத்தார்கள் என்றாள். "ரிசல்ட் வாங்கிட்டு வா."

பஸ் பிடித்துச் சுகாதார நிலையத்துக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் கிளார்க் ரெஜிஸ்டரைப் புரட்டி, அவள் எழுதிய பாரத்தையே எடுத்தார். தொம்மை என்ற அவள் கையெழுத்துக்கு எதிரே சிவப்பு மையில் நெகட்டிவ் என்று இருந்தது. அதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். டாக்டர் சீட்டைப் பார்த்தார். "மலேரியா இல்லைன்னு இருக்கே. அப்ப இது காமாலைக் காய்ச்சல்" என்று வேறு மருந்து எழுதினார்.

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும். அது அவர் ரத்தம் இல்லை சார், என் ரத்தம் என்று ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. டாக்டர் திட்டுவார், கவர்ன்மென்ட் பாரத்தில் பொய் எழுதியது நீயா என்பார் என்று ஒரு பயம். ஒரே வீட்டு ரத்தம் என்று சக்கரபாணி சொன்னாரே, படித்தவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று ஓர் அசட்டு நம்பிக்கை. வாயை மூடிக்கொண்டாள்.

ஆறாம் நாள் தொம்மை வலிப்பு வந்து இறந்தான். குவாரி ஓரத்தில் கருவேல மரத்தடியில் புதைத்து, இரண்டு குச்சியைக் கட்டிச் சிலுவை நட்டார்கள்.

அவன் மூன்றாவது. ஆவணியில் தாண்டவராயன் போயிருந்தான். அடுத்து முத்துசாமியின் தாயார். தொம்மைக்கு அப்புறம் கார்த்திகையில் பாஞ்சாலியின் ஆறு வயதுப் பெண் முனியம்மாள். தை பிறப்பதற்குள் எட்டுப் பேர். எந்தப் பஞ்சாயத்திலும் சேராத ஜனம் என்பதால் எட்டுச் சாவும் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

மார்கழியில் ஒருநாள் துணி துவைக்கப் போன இடத்தில், சக்கரபாணி வழக்கமாகச் சைக்கிளை நிறுத்தி பீடி பிடிக்கிற மதகுக்கு அடியில், ஒரு பாலிதீன் பை அவள் காலில் இடறியது. பிரித்தாள். உள்ளே வெள்ளை மாத்திரைகள். பாதி கரைந்து சுண்ணாம்புச் சேறாகிக் கிடந்தன. ஒன்றை நாக்கில் வைத்தாள். அந்தக் கசப்பு அணைக்கட்டில் எல்லாருக்கும் தெரிந்த கசப்பு. ரிசல்ட்டுக்குக் காத்திராமல், குத்திய அன்றைக்கே ஒவ்வொரு கண்ணாடிக்கும் நாலு மாத்திரை கொடுக்க வேண்டும் என்று பாரத்தின் அடியில் அச்சடித்திருந்தது; கொடுத்ததாக எழுதியாயிற்று, மிச்சத்தைக் கையில் வைத்திருந்தால் கேள்வி வரும். அதனால் இங்கே.

மதகில் உட்கார்ந்து அவள் அழவில்லை. மாத்திரைகளைப் பொறுக்கி, நல்லதைத் தனியாக எடுத்து வெயிலில் உலர்த்தினாள். அவற்றைக் கொடுத்துத்தான் தையிலும் மாசியிலும் காய்ச்சல் கண்டவர்களை எழுப்பினாள். அதன் பிறகு குவாரியில் சாவு இல்லை. இத்தனை சுலபமா? நாலு மாத்திரை. அரை மைல் நடை.

பாஞ்சாலிக்குச் சொன்னபோது அவள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு எழுந்தாள். "வரட்டும் அந்த எழவெடுத்தவன். மரத்துல கட்டி வெச்சு தோலை உரிக்கிறேன்."

"கட்டி வெச்சு அடிச்சா நாம ஜெயிலுக்குப் போவோம். அவரு லீவுல போவாரு."

"அப்ப மேல்மலையனூருக்குப் போயி அங்காளம்மாகிட்ட அவன் நாசமாப் போவணும்னு காசு வெட்டிப் போடறேன். அவ பார்த்துக்குவா."

"அவ பார்க்குறப்ப பார்க்கட்டும். என்னால அதுவரைக்கும் காத்துக்கினு இருக்க முடியாது."

இருவருமாகச் சுகாதார நிலையத்துக்குப் போய், குவாரியில் எட்டுப் பேர் காய்ச்சலில் செத்துவிட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். கிளார்க் ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். "ஒரு வருசமா உங்க இடத்துல ஒரு பாசிட்டிவ் கூட இல்லம்மா. புஸ்தகப்படி பார்த்தா தாலுக்காவுலயே சுத்தமான இடம் உங்க குவாரிதான்." வெளியே வந்ததும் பாஞ்சாலி மண்ணை வாரித் தூற்றினாள். சவுரியம்மாள் தூற்றவில்லை. அந்தப் புத்தகம் மனுஷர் வாயை நம்பாது, கண்ணாடியை மட்டும்தான் நம்பும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

தொம்மை செத்ததிலிருந்து அவள் விரல் கொடுப்பதை நிறுத்தியிருந்தாள். சக்கரபாணிக்கு அது பெரிய சங்கடம். ஒரு தடவை மதகில் உட்கார்ந்து தன் விரலையே குத்திக்கொண்டார் என்று பாஞ்சாலி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "மூஞ்சக் கோணிக்கினு, அவரே காக்காயப் பார்த்துக்கினு!" அன்றைக்குத்தான் அவர்கள் இருவரும் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்கள்.

மாசி மாதம், சக்கரபாணி வந்து போன மறுநாள், கல் உடைத்துக்கொண்டிருந்த சவுரியம்மாளுக்கு நடு வெயிலில் பல் கிட்டியது. அணைக்கட்டுக் காட்டில் கூட அவளைத் தொடாத காய்ச்சல். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பார்த்தாள். மோதிர விரல் நுனியில் பழைய குத்துகள் கறுப்புப் புள்ளிகளாக இருந்தன. குளிரில் உடம்பு தூக்கிப் போட்டது. முகத்தில் சிரிப்பு வந்தது.

மதகடியில் பொறுக்கியதில் டப்பாவில் ஆறு மாத்திரைகள் மிச்சம் இருந்தன. அவள் அவற்றைத் தொடவில்லை.

"உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா?" என்றாள் பாஞ்சாலி. "போட்டுக்கினு படுடி."

"போட்டா பூச்சி செத்துடும். அடுத்த தடவை அவரு வர இன்னும் பதினாலு நாளு கீது. அதுவரைக்கும் வெச்சிருக்கணும்."

"எத வெச்சிருக்கணும்?"

சவுரியம்மாள் திட்டத்தைச் சொன்னாள். பாஞ்சாலி முழுசாகக் கேட்டாள். பிறகு, "எம் பொண்ணு பேரையும் எழுது" என்றாள். உடனே, "நீ செத்துட்டா ஞானமேரிய ஆரு பார்ப்பா?" என்று அழ ஆரம்பித்தாள்.

சவுரியம்மாள் செத்தால் பெண் அனாதை. பதினாலு நாள் உயிரைப் பிடித்துக்கொண்டால் பழி தீரும். இரண்டுக்கும் நடுவில் கால் வைத்து நடந்தாள். காய்ச்சல் விட்ட வேளையில் கல் உடைத்தாள். ஏறுகிற வேளையில் குடிசைக்குள் கோணியைப் போர்த்திக்கொண்டு கிடந்தாள். கேப்பைக் கூழ் இறங்கவில்லை. அது தவக்காலம். பரலோக மந்திரம் சொல்லும்போது பிறர் குற்றத்தைப் பொறுக்கிறோம் என்கிற இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு, அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுவாள். சாமிக்குத் தெரியாமல் அல்ல, தெரியும்படியாகவே.

பதினோராம் நாள் ஞானமேரியின் நெற்றி சுட்டது.

என் உடம்பில் குடித்த கொசு என் பிள்ளையையும் குடித்ததோ? அப்படி இருக்காது, பள்ளத்துத் தண்ணீரில் வேறு கொசுவா இல்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நிற்கவில்லை. மாத்திரைகளை நுணுக்கி வெல்லத்தில் குழைத்து மூன்று நாள் பெண்ணுக்கு ஊட்டினாள். பெண் துப்பியதை வழித்து மறுபடி ஊட்டினாள். டப்பா காலியாயிற்று. பெண்ணுக்கு வேர்த்து இறங்கியது. அப்போதும் அவள் திட்டத்தை விடவில்லை. விட்டிருக்கலாம். விடவில்லை.

பதினாலாம் நாள் காலையில் காய்ச்சல் முன்னதாகவே ஏறியது. சைக்கிள் மணி கேட்டதும் பள்ளத்துத் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையை முடிந்து, பவுடர் கூடப் போட்டுக்கொண்டு போய் நின்றாள்.

சக்கரபாணிக்கு முகமெல்லாம் பல். "வாம்மா சவுரி! உன் கோவம் தீர்ந்துச்சா? தொம்மை போனதுக்கு எனக்கும் வருத்தந்தான். விதி வந்தா இன்னா பண்றது."

"ஆமா சார். விதி வந்தா இன்னா பண்றது." விரலை நீட்டினாள்.

"கை இன்னாம்மா இப்டி கொதிக்குது?"

"அடுப்பாண்ட இருந்தேன் சார்."

"அந்தாண்ட பாரு, காக்கா."

அவள் காக்காயைப் பார்க்கவில்லை. ரத்தம் துளிர்ப்பதையும், கண்ணாடியில் இழுபடுவதையும் ஒன்று விடாமல் பார்த்தாள். ஒன்பது கண்ணாடி. பாரத்தை வாங்கி மடியில் வைத்து எழுதினாள். முதல் வரியில் தன் பெயர். பிறகு தாண்டவராயன். முத்துசாமியின் தாயார். முனியம்மாள், 6. தொம்மை, 34. செத்த எட்டுப் பேரையும் வயதோடு எழுதினாள். சக்கரபாணி அதைப் படிக்காமல் கீழே கையெழுத்துப் போட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எப்போது படித்தார் அவர்?

அவர் போனதும் பாஞ்சாலி வண்டி பிடிக்க ஓடினாள். சவுரியம்மாள் தடுத்துவிட்டாள். "இப்ப மருந்து போட்டு எனக்கு நல்லாயிட்டா, கண்ணாடி மாறிப்போச்சுன்னு சொல்லிடுவாரு. மேல இருந்து ஆபீசருங்க வந்து குத்தும்போது என் ஒருத்தி உடம்புலயாவது பூச்சி இருக்கணும்."

நான்காம் நாள் முற்பகல் ஜீப் வந்தது. ஒரு வருஷம் ஒரு பூச்சி கூட இல்லாத இடத்தில் ஒரே நாளில் ஒன்பது பாசிட்டிவ், அதுவும் ஆளைக் கொல்கிற ஜாதி என்றால் கடலூரிலிருந்து மலேரியா ஆபீசரே வராமல் என்ன செய்வார்? கூட இன்ஸ்பெக்டர் விருத்தாசலம், மைக்ராஸ்கோப் பார்க்கிற லேப்காரர். பின் சீட்டில் மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சக்கரபாணி. பாரத்தை வழியில்தான் வாங்கிப் பார்த்திருப்பார் போலும். முகத்தில் ஈ ஆடவில்லை.

அன்றைக்கு யாரும் பாறை மேல் ஏறவில்லை. பாஞ்சாலி சொல்லி வைத்திருந்தாள். எல்லாரும் வந்து நின்றார்கள்.

இன்ஸ்பெக்டர் பாரத்தைப் பிரித்து உரக்கக் கூப்பிட்டார். "தொம்மை! முப்பத்தி நாலு வயசு! யாருப்பா தொம்மை?"

"அதோ சார், கருவேல மரத்தாண்ட," என்றாள் பாஞ்சாலி.

அவர் நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "அங்க யாரும் இல்லியே?"

"நல்லாப் பாருங்க. சிலுவை நட்டிருக்கும்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இன்ஸ்பெக்டர் அடுத்த பெயரைக் குரல் தாழ்த்திப் படித்தார். "முனியம்மாள். ஆறு வயசு."

"எம் பொண்ணுதான் சார். அவளுக்குக் காய்ச்சல்னு கவர்ன்மென்ட்ல கண்டுபுடிச்சிட்டீங்களா? மாத்திரையக் குடுங்க. போயி தோண்டி எழுப்பிப் பார்க்குறேன்."

ஆபீசர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மிச்சப் பெயர்களை இன்ஸ்பெக்டர் கூப்பிடவில்லை. ஜனங்களே சொன்னார்கள், ஒவ்வொருவரும் எந்த மாதம் போனார்கள் என்று.

"நான் அப்பவே சொன்னேன் சார்," என்றார் லேப்காரர். "ஒம்பதும் ஒரே அச்சு. ஒம்பது பேருக்கு ஒரே அளவு பூச்சி வராது. ஒரே ஆளு ரத்தம் இது."

"யார் எழுதின பாரம்?"

சவுரியம்மாள் முன்னால் வந்தாள். பாஞ்சாலி இடுப்பைப் பிடித்திருந்தாள். "நான்தான் சார். ஒம்பது கண்ணாடியும் என் ரத்தம். குத்திப் பாருங்க."

சக்கரபாணி ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். "சவுரி, இன்னாம்மா இது? உனக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன்?"

உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. அதுதான் அவளை எரித்தது.

"அரை மைல் நடக்கல சார்," என்றாள். "அவ்ளோதான்."

அப்புறம் அவளுக்கு நினைவு இல்லை.

கண் விழித்தது விழுப்புரம் ஆஸ்பத்திரியில். எத்தனை நாள் என்று தெரியவில்லை. கையில் ஊசி, காதுக்குள் ஓயாத இரைச்சல். காலடியில் ஞானமேரி பன் தின்றுகொண்டிருந்தாள். குவாரியில் அத்தனை பேரையும் குத்திப் பார்த்ததில் இருபத்துமூன்று பேருக்குப் பூச்சி என்றும், குடிசை குடிசையாக மருந்து அடிக்கிறார்கள் என்றும் பாஞ்சாலி சொன்னாள். கரும்பலகை வைத்து யாருக்கு எந்த நாள் மாத்திரை என்று எழுதிப் போட்டிருக்கிறார்களாம்.

எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறியதும் விருத்தாசலம் வந்தார். சக்கரபாணியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், விசாரணை நடக்கிறது. கண்ணாடி மாறிப்போய்விட்டது, பெயர்களை அந்தப் பொம்பளைதான் தப்பாகச் சொன்னாள் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். "நீ எழுதிக் குடுத்தாத்தான்மா அவர் மேல கேஸ் நிக்கும். இல்லைன்னா ரெண்டு மாசத்துல திரும்ப வந்துடுவாரு." வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்துவிட்டு, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போனார்.

அவள் எழுதத் தொடங்கியபோதே அஞ்சம்மாள் வந்துவிட்டாள். சக்கரபாணியின் பெண்சாதி. கையில் சோற்று அடுக்கு, பின்னால் இரண்டு பெண்கள், பெரியவளுக்குத் தாவணி வயது. வந்ததும் கட்டில் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"யம்மா, உன்ன என் கூடப் பொறந்தவளா நெனச்சிக் கேக்குறேன். கண்ணாடி மாறிப்போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. வேலை போச்சுன்னா நாங்க மூணு பேரும் கெணத்துல வுழணும்."

சவுரியம்மாள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"நீயும் பொம்பளப் புள்ள வெச்சிருக்க."

"வெச்சிருக்கேன்க்கா. அதுக்கு அப்பன்தான் இல்ல."

அஞ்சம்மாளின் குரல் மாறியது. "அவரு மட்டுமா பண்ணாரு? பேரை எழுதினவ நீதானே? விரலை நீட்டினவ நீதானே? நாளைக்கிப் போலீசு கேட்டா நீயும் உள்ளதான் போவ. நெனச்சுப் பாத்தியா?"

"பார்த்தேன்."

"இன்னா எழுதற அதுல? எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்சுக் காட்டு."

சவுரியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த இரண்டு பெண்களையும் வெளியே அனுப்பச் சொன்னாள். அஞ்சம்மாள் அனுப்பவில்லை. சரி என்று தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் படித்தாள். சக்கரபாணி எத்தனை தடவை வந்தார், எத்தனை கண்ணாடி எடுத்தார், மதகடியில் கிடந்தது என்ன, எட்டுப் பேர் எந்தெந்த மாதம். நிறுத்தாமல், பள்ளிக்கூடத்துப் பெண் பாடம் படிப்பது போலப் படித்தாள். கடைசிப் பத்தி வந்தது.

"தொம்மை என்ற என் புருஷன் பெயரில் ஐப்பசி மாதம் போன கண்ணாடியில் இருந்தது என் ரத்தம். அந்தப் பெயரை எழுதியது நான். நெகட்டிவ் என்ற சீட்டை டாக்டரிடம் கொடுத்ததும் நான். அது அவர் ரத்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். பயந்துகொண்டு சொல்லவில்லை. ஒன்பது கண்ணாடிக்காகப் பதினெட்டு நாள் மருந்து சாப்பிடாமல் காய்ச்சலை வைத்திருந்ததும் நான்தான். அந்த நாட்களில் என் மூலமாக யாருக்காவது காய்ச்சல் வந்திருந்தால் அந்தக் குற்றமும் என்னுடையது."

பக்கத்துக் கட்டில்காரி கூட எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப உன் புருசன நீயுந்தான் கொன்ன," என்றாள் அஞ்சம்மாள்.

"ஆமாக்கா. அதான் எழுதியிருக்கேன்."

"நீ நல்லா இருப்பியா?"

"இருக்க மாட்டேன். அவரும் இருக்கக் கூடாது."

அஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய பெண் அவள் தோளைத் தொட்டு, "வாம்மா, போவலாம்" என்றாள். போகும்போது சோற்று அடுக்கைத் தூக்கிக்கொண்டு போகவும் அஞ்சம்மாள் மறக்கவில்லை. ஞானமேரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சவுரியம்மாள் தாளின் அடியில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிய பிறகுதான் தேதி போடாதது தெரிந்தது. தேதி இல்லாவிட்டால் செல்லாது என்று யாராவது சொல்வார்கள். மறுபடி பேனாவைத் திறந்து, இன்றைக்கு என்ன தேதி என்று பக்கத்துக் கட்டில்காரியைக் கேட்டாள்.